பதிவேடும் துப்பாக்கியும்: நம் கடையின் ஐம்பது ஆண்டுகள்

நம் கடையின் முதல் பதிவேடு இன்னும் பத்திரமாக இருக்கிறது. நீல காலிகோ அட்டை, ஓரத்தில் கரையான் அரித்த தடம், உள்ளே நிறுவனர் ஐயாவின் சாய்ந்த கையெழுத்து. வாங்கியவர் பெயர், தகப்பனார் பெயர், ஊர், உரிம எண், துப்பாக்கியின் எண், தோட்டாவின் எண்ணிக்கை, தேதி, கையெழுத்து என்று ஒவ்வொரு வரிக்கும் எட்டுக் கட்டங்கள். முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப்பேர் நிலம் உழும் சம்சாரிகள். சிலருக்குக் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் ரேகை.

பொன்விழா மலருக்குக் கடையின் வரலாற்றை எழுதித் தரும்படி இன்றைய முதலாளி என்னிடம் கேட்டபோது, எங்கிருந்து தொடங்குவது என்று எனக்குக் குழப்பமே வரவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். துப்பாக்கிக் கடையின் வரலாறு என்பது அதன் பதிவேடுகளின் வரலாறுதான். விற்றது கொஞ்சம், எழுதியது அதிகம்.

மதுரைக்கு நடந்த காலம்

கடை தொடங்கியபோது தேனி தனி மாவட்டம் இல்லை. பெரியகுளம், உத்தமபாளையம் வட்டங்கள் மதுரை மாவட்டத்தில் இருந்தன. 1996-இல்தான் தேனி மாவட்டம் பிரிந்தது. அதற்கு முன்பு துப்பாக்கி உரிமம் கேட்பவர் கம்பத்திலோ கூடலூரிலோ அதிகாலையில் பஸ் ஏறி, நூறு கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து மதுரை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒரு சீட்டு குறைந்தால் மறுபடியும் அதே பயணம். அப்படிப் போய்த் திரும்புகிறவர்கள் தேனியில் இறங்கி நம் கடைத் திண்ணையில் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டுப் போவார்கள். நிறுவனர் ஐயா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, மனுவை வாங்கிப் படித்து, விடுபட்டதைப் பென்சிலால் குறித்துக் கொடுப்பார். கடைக்கு வாடிக்கையாளர்கள் சேர்ந்த விதம் அதுதான்.

இந்தப் பள்ளத்தாக்கில் அன்று துப்பாக்கி கேட்டவர்களின் தேவையைப் புரிந்துகொள்ள இங்கே பிறந்திருக்க வேண்டும். 1895-இல் பெரியாற்று அணை திறந்த பிறகு கம்பம் பள்ளத்தாக்கு இரு போகம் விளையும் பூமியானது. நெல், வாழை, தென்னை, திராட்சை என்று பச்சை நடுவில் விரிய, மூன்று பக்கமும் மலை. மேற்கே கேரளத்தின் பெரியாறு காடு, கிழக்கிலும் தெற்கிலும் மேகமலை, வருசநாட்டுத் தொடர். மலையடிவாரத்துக் கடைசி வயலுக்கும் காட்டுக்கும் நடுவே பல ஊர்களில் ஓர் ஓடைதான் எல்லை. இருட்டியதும் பன்றிக் கூட்டம் இறங்கும். நிலக்கடலைக் கொல்லையை ஒரே இரவில் உழுது போட்டுவிடும். வாழையின் கிழங்கைத் தோண்டித் தின்றால் மரம் காலையில் சாய்ந்து கிடக்கும். பரண் கட்டி, தகர டப்பா தட்டி, கோம்பை நாயைக் கட்டிவைத்துக் காவல் காத்தவர்கள் கடைசியாகக் கேட்டது ஒரு நாட்டுத் துப்பாக்கி.

குழல் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ துணியையோ திணித்து, குச்சியால் இடித்து, கேப்பு வைத்து வெடிக்கும் ஒற்றைக் குழல் அது. ஒரு வெடி வெடித்தால் மறுபடி நிரப்ப நேரமாகும். மழையில் மருந்து நமுத்தால் வேலை செய்யாது. சத்தம்தான் அதன் பயன். மலையில் மோதித் திரும்பும் அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் கலையும், வீட்டில் பிள்ளைகள் தூங்குவார்கள்.

சந்தேகத்தில் பிறந்த சட்டம்

இந்தக் கடை இயங்கும் சட்டத்தின் வேர் 1878-இல் இருக்கிறது. வைஸ்ராய் லிட்டன் காலத்தில் இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் தாய்மொழிப் பத்திரிகைகளை ஒடுக்கும் சட்டமும் வந்தது. பத்திரிகைச் சட்டத்தை அடுத்து வந்த வைஸ்ராய் ரிப்பன் சில ஆண்டுகளிலேயே நீக்கிவிட்டார். ஆயுதச் சட்டம் தங்கிவிட்டது. இந்தியர் உரிமம் வாங்க வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு என்பது அன்றைய நிலை. 1887-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடே இந்தச் சட்டத்தைத் தளர்த்தக் கோரித் தீர்மானம் போட்டது. 1931-இல் காங்கிரஸின் கராச்சித் தீர்மானம், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்வதைக் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது.

மக்கள்மீது ஆட்சியாளர்கள் கொண்ட சந்தேகத்தின் கசப்பு நம் பகுதிக்கு நன்றாகத் தெரியும். 1911-ஆம் ஆண்டுக் குற்றப்பரம்பரைச் சட்டத்தின் கீழ் ரேகை பதிய மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டது. பதினாறு உயிர்கள் போயின. ஒரு சமூகத்தையே சந்தேகத்தோடு பார்க்கும் சட்டம் என்ன செய்யும் என்பதை இந்த மண் பட்டுத் தெரிந்துகொண்டது.

சுதந்திரத்துக்குப் பின், அரசியல் நிர்ணய சபையில் எச்.வி.காமத் ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையை அடிப்படை உரிமையாக்கக் கோரினார். அம்பேத்கர் ஏற்கவில்லை, சபையும் ஏற்கவில்லை. அமெரிக்காவில் 1791-இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்த அந்த உரிமை நம் நாட்டில் கிடையாது. இதில் நமக்கு மாறுபாடு இல்லை. ஐம்பது ஆண்டுகளாகத் துப்பாக்கியைக் கையில் எடுத்துத் துடைத்து வைக்கும் எங்களுக்கு, அது எவ்வளவு ஆபத்தான பொருள் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடும்பத் தகராறில் இருப்பவர் என்று தெரிந்தால், கையில் உரிமம் இருந்தாலும், ‘பிறகு வாங்க ஐயா’ என்று திருப்பி அனுப்பியவர் நம் நிறுவனர்.

சட்டம் சொன்னது, நடைமுறை செய்தது

1959-இல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறி, 1962 அக்டோபர் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன் 13-ஆவது பிரிவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து நிரப்பும் துப்பாக்கி கேட்கும் குடிமகனுக்கு, தகுதிக்குறைவு ஏதும் இல்லையென்றால், உரிமம் ‘வழங்க வேண்டும்’ என்கிறது சட்டம். அது போதாது என்று அதிகாரி கருதினால் வேறு வழவழ குழல் துப்பாக்கிக்கும் உரிமம் தரலாம். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்கிறது 14-ஆவது பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத வேண்டும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். சம்சாரியை நினைத்து எழுதிய வரிகள் இவை.

ஆனால் அந்தச் சம்சாரி இன்று கடக்கும் வழியைப் பாருங்கள். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி விண்ணப்பம், பாதுகாப்பாக வைப்பதற்கான உறுதிமொழி, உடல்நலமும் மனநலமும் பற்றிய மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்று. பிறகு போலீஸ் விசாரணை, வருவாய்த் துறை அறிக்கை. தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண். இவற்றில் எதுவும் தேவையற்றது என்று நான் சொல்லமாட்டேன். பயிற்சிச் சான்று வந்த பிறகு துப்பாக்கியைத் துடைக்கும்போது நேரும் விபத்தைப் பற்றிய எங்கள் கவலை குறைந்திருக்கிறது.

அதே விதிகள் அதிகாரிகளுக்கும் காலக்கெடு வைத்திருக்கின்றன. போலீஸ் அறிக்கை 30 நாளில் வர வேண்டும், அறிக்கை வந்து 60 நாளில் உரிம அதிகாரி முடிவு சொல்ல வேண்டும். நாங்கள் பார்த்தவரை, வாங்குபவருக்கு வைத்த கெடு ஒருநாள் தவறினாலும் கேள்வி வரும். அதிகாரிகளுக்கு வைத்த கெடு தவறினால் கேட்க ஆளில்லை. நம் வாடிக்கையாளர் ஒருவரின் மனு ஓர் அலுவலகத்தில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே ஒரு போகம் போய்விட்டது. அதற்குள் அவர் நிலக்கடலை போடுவதையே விட்டுவிட்டார்.

பத்து கிலோமீட்டர்

நம் பள்ளத்தாக்குக்கு மட்டும் கூடுதலாக ஒரு பூட்டு உண்டு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு அது. சரணாலயம் என்று ஓர் இடத்தை அறிவித்தால், அதற்குள்ளும் அதிலிருந்து 10 கிலோமீட்டர் தூரத்துக்குள்ளும் இருக்கும் உரிமதாரர்கள் மூன்று மாதத்துக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் பெயரைப் பதிய விண்ணப்பிக்க வேண்டும். அந்தச் சுற்றளவில் புதிய உரிமம் எதுவும் அவருடைய முன் இசைவு இல்லாமல் வழங்கக் கூடாது.

மேகமலை சரணாலயமானபோது அடிவார ஊர்கள் பல இந்தப் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டன. 2021 பிப்ரவரியில் 1,016 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகம் அமைந்தது. நாட்டின் 51-ஆவது புலிகள் காப்பகம் நம் மண்ணில் இருப்பது பெருமைக்குரியது. வைகைக்கு நீர் தரும் காடு அது. காடு நின்றால்தான் ஆறு நிற்கும் என்று இந்தப் பக்கத்து விவசாயி யாரைக் கேட்டாலும் சொல்வார். அவர் கேட்பது வேறு. பன்றி இறங்கும் வயல்கள் எங்கே இருக்கின்றனவோ, அங்கேதான் உரிமத்துக்கு இந்தக் கூடுதல் இசைவு தேவைப்படுகிறது. அந்த இசைவைத் தரவோ மறுக்கவோ அந்தப் பிரிவில் கெடு எதுவும் இல்லை.

உரிமம் கிடைத்தாலும் அதைக் கொண்டு பன்றியைச் சுட முடியாது. காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்கு. பயிரை அழிக்கும் விலங்கைக் கொல்ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவின்படி தனி அனுமதி வேண்டும். துப்பாக்கி வாங்கும் ஒவ்வொருவருக்கும் இதை எடுத்துச் சொல்வது எங்கள் கடமை என்று நிறுவனர் ஐயா எங்களுக்குக் கற்பித்தார். ‘வானத்தைப் பார்த்து வெடிங்க, வயலைக் காப்பாத்துங்க, வழக்கு வேண்டாம்’ என்பார்.

கல்லாவுக்கு இந்தப் பக்கம்

விற்பவர் சுமக்கும் பாரம் வெளியே தெரியாது. துப்பாக்கி விற்க ஓர் உரிமம். கருமருந்து வைத்திருக்க வெடிமருந்துச் சட்டத்தின் கீழ் வேறொரு உரிமம். கடையை வேறு கட்டடத்துக்கு மாற்ற வேண்டுமானால் அனுமதி வேண்டும். இரும்பு அலமாரி, இரட்டைப் பூட்டு, கேமரா. வருகிற அதிகாரி எந்த நேரத்தில் கேட்டாலும் சரக்கும் பதிவேடும் ஒத்துப்போக வேண்டும்.

ஒருவர் பத்துத் தோட்டா வாங்க வந்தால் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். உரிமத்தை வாங்கி, படத்தையும் முகத்தையும் ஒப்பிடுவேன். காலாவதித் தேதியைப் பார்ப்பேன். பின்பக்கத்தில் இதுவரை வாங்கிய கணக்கைக் கூட்டி, இந்த ஆண்டுக்கு எத்தனை பாக்கி என்று கழிப்பேன். தோட்டாக்களை மேசைமேல் இரண்டிரண்டாக வைத்து எண்ணுவேன், அவரும் எண்ணுவார். உரிமத்தில் தேதி, வகை, எண்ணிக்கை எழுதிக் கையெழுத்திட்டு முத்திரை வைப்பேன். விற்பனைப் பதிவேட்டில் எழுதுவேன், இருப்புப் பதிவேட்டில் கழிப்பேன். அவர் கையெழுத்திடுவார். அரைமணி நேரம் ஆகும். லாபம் ஒரு டீக்கும் வடைக்கும் சரியாக இருக்கும்.

சரக்கு வருவதும் நம் கையில் இல்லை. வெளிநாட்டுத் துப்பாக்கிகளை வணிகர்கள் இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே நின்றுவிட்டது. பெரும்பாலும் அரசுத் தொழிற்சாலைகளின் சரக்கை நம்பித்தான் இந்த வியாபாரம். 1966-இல் தொடங்கிய திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலை நம் மாநிலத்திலேயே இருப்பது ஒரு நிம்மதி.

2019-ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. மூன்றாவதை ஓராண்டுக்குள் ஒப்படைக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டில் தாத்தா காலத்துத் துப்பாக்கியைத் துணியில் சுற்றி எடுத்துவந்து, கொடுக்க மனமில்லாமல் வாசலில் நின்றவர்களை நான் பார்த்தேன். அதே திருத்தம் உரிமத்தின் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டாக்கியது. புதுப்பிக்க அலைவது அதனால் குறைந்தது. நல்லது செய்தால் நன்றி சொல்ல வேண்டும், சொல்கிறோம்.

தேர்தல் வந்தால்

தேர்தல் தேதி அறிவித்ததும் கடையில் கூட்டம் சேரும். விற்பனைக்காக அல்ல, ஒப்படைக்க. உரிமதாரர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ வைக்க வேண்டும். யார் ஒப்படைக்க வேண்டும் என்பதை ஒவ்வொருவராகப் பரிசீலிக்க மாவட்ட அளவில் குழு இருக்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் வழிகாட்டுதல். எல்லோரிடமும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது என்று பல உயர்நீதிமன்றங்களும் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் நம் கடைக்கு எல்லோருமே வருகிறார்கள்.

ஒவ்வொன்றுக்கும் அட்டை கட்டி, பெயரும் ஊரும் எண்ணும் எழுதி, எண்ணெய்த் துணியால் துடைத்து அலமாரியில் நிறுத்துவோம். ஒருமுறை வருசநாட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் ரசீதை மடித்து வேட்டி முடிச்சில் வைத்துக்கொண்டு, ‘ஓட்டு எண்ணி முடிக்கிறவரைக்கும் பன்னிக்கும் லீவு விட்டுட்டாங்களா தம்பி?’ என்று கேட்டார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. என்னிடம் பதிலும் இல்லை.

மலைக்கு அப்பால்

கம்பத்திலிருந்து மலைப்பாதை ஏறினால் குமுளி. அங்கே கேரள அரசு 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தைக் கொடுத்தது. அதற்கென்று தயாரித்த பட்டியலில் உள்ள துப்பாக்கி உரிமதாரர்கள் சுடுகிறார்கள். உரிமம் பெற்றவர் அங்கே அரசுக்குக் கைகொடுப்பவர். நம் மாநிலத்தில் 2025 ஜனவரியில் வந்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் பன்றி வந்தால் வனத்துறையினர் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. இது ஒரு நல்ல தொடக்கம். ஆனால் கடைசி வயல் காட்டோரத்திலேயே இருக்கும் நம் ஊர்களுக்கு அந்த 3 கிலோமீட்டர் வெகுதூரம்.

கர்நாடகத்தில் குடகு மக்களுக்கு வெள்ளையர் காலம் தொட்டே ஆயுத உரிமத்திலிருந்து விலக்கு உண்டு. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது, 2021-இல் கர்நாடக உயர்நீதிமன்றமும் உறுதி செய்தது. குடகைப் போன்ற விலக்கை நாம் கேட்கவில்லை. அரசு நம்பிக்கை வைத்த இடத்தில் மக்கள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பதற்காகவே அதைச் சொல்கிறேன்.

நேர்வழி அடைபட்டால் மனிதன் எந்த வழியில் போகிறான் என்பது எல்லோருக்கும் தெரியும். பழத்துக்குள் வைக்கும் நாட்டு வெடி, உரிமமில்லாத கள்ளத் துப்பாக்கி, கொக்கி போட்டு இழுத்த மின்வேலி. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. தாய்களை இழந்த இரண்டு குட்டிகள் பக்கத்திலேயே நின்றதை நாடே பார்த்தது. அந்தக் கம்பிக்குப் பதிவேடு கிடையாது, எண் கிடையாது, பயிற்சிச் சான்று கிடையாது. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதனையும் அது கொல்லும். வானத்தைப் பார்த்து வெடிக்கும் ஒரு நாட்டுத் துப்பாக்கி, எண்ணி வாங்கிய மருந்து, பெயர் எழுதிய பதிவேடு: இவை யானைக்கும் மனிதனுக்கும் அந்தக் கம்பியைவிடப் பாதுகாப்பு.

நம் வேண்டுகோள்

பொன்விழா மேடையில் அரசுக்கு நாங்கள் வைக்கும் வேண்டுகோள் எளியது. விதியில் எழுதிய 30 நாளும் 60 நாளும் மேசைகளில் மதிக்கப்பட வேண்டும். சரணாலயத்தைச் சுற்றிய பத்து கிலோமீட்டருக்குள் பயிர்ப் பாதுகாப்பு மனுவுக்கு வனத்துறையின் இசைவும் ஒரு கெடுவுக்குள் வர வேண்டும், மறுத்தால் காரணத்தோடு வர வேண்டும். வருவாய், போலீஸ், வனம் மூன்றும் மாதத்தில் ஒருநாள் உத்தமபாளையத்திலோ தேனியிலோ ஒரே இடத்தில் உட்கார்ந்து இந்த மனுக்களைப் பார்த்தால் சம்சாரிக்கு ஒரு பஸ் கட்டணத்தில் வேலை முடியும். தேர்தலில் ஒவ்வொருவரையும் பரிசீலித்து ஒப்படைக்கச் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டைக் குறைக்கச் சொல்லி நாங்கள் கேட்கவில்லை. கட்டுப்பாட்டுக்குத் தானாக வந்து பெயர் எழுதியவரைக் காக்க வைக்காதீர்கள் என்று கேட்கிறோம்.

அலமாரியில் ஒரு துப்பாக்கி

எங்கள் அலமாரியின் இடது ஓரத்தில் ஒற்றைக் குழல் ஒன்று நிற்கிறது. உரிமதாரர் காலமான பின் அவர் மகன் சட்டப்படி இங்கே ஒப்படைத்தது. 70 வயது கடந்தவரோ 25 ஆண்டு வைத்திருந்தவரோ தம் துப்பாக்கியை உயிரோடிருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற விதியில் இடமுண்டு. அந்தப் பெரியவருக்கு அதைச் சொல்ல அன்று யாருமில்லை. மகன் தன் பெயரில் உரிமம் கேட்டு மனுச் செய்து காத்திருக்கிறார். குறித்த காலத்துக்குள் திரும்பப் பெறாவிட்டால் ஒப்படைத்த ஆயுதம் அரசுடைமையாகும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது. அந்தத் தேதியை நான் அட்டையிலேயே சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறேன்.

பொங்கலுக்கு மறுநாள் அவர் வருவார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் இருக்கும். நான் அலமாரியைத் திறந்து காட்டுவேன். தொடமாட்டார். குழலில் துரு ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். ‘நல்லா இருக்குல்ல?’ என்பார். ‘மாசம் ஒருதடவை எண்ணெய் போடுறோம்’ என்பேன். பதிவேட்டில் அவர் தகப்பனார் பெயருக்கு நேரே எட்டாவது கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. அவர் வந்து அதில் கையெழுத்திட்டுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பும் நாளை நான் கணக்கு எழுதும் காலத்திலேயே பார்த்துவிட வேண்டும்.